எங்கிருந்தாலும் உடனடியாக

என் குரலை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அக்கா. டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தாரே, கவனித்தீர்களா? "மூணாவது மைல் ஒண்ணு" என்றுதான் சொன்னேன். அதற்கே மனிதர் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். என் குரலுக்கு அப்படி ஒரு மரியாதை.

ஜன்னலோரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாறிக்கொள்ளலாம். வேண்டாமா? சரி. நான் பேசிக்கொண்டே வருவேன், தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டேன். என் பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடியில் மூணாவது மைல் ஸ்டாப்பில் இறங்கி மாமி வீட்டுக்குப் போகிறேன். மாமி என்றால் என் மாமியார், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். என் மகள் ஷைனி அங்கே இருக்கிறாள், நாலரை வயது. அவளைக் கூட்டி வரப் போகிறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது இல்லையா? லீவுக்குப் போன பிள்ளையைப் பெற்றவள் போய்க் கூட்டி வருகிறாள், அவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

குரலுக்கு வருகிறேன். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை, ஐந்து மாடி. பெயர் வேண்டாம், நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை. அந்தக் கடையில் மைக்கில் பேசுவது நான்தான். தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி. 'அன்பான வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தால் ஐந்து மாடியிலும் கேட்கும். கார் நம்பர் சொல்லி எடுக்கச் சொல்வேன், தள்ளுபடி சொல்வேன். முக்கியமான வேலை, பிள்ளைகள். கூட்டத்தில் கையை விட்டுவிட்டு அழுதுகொண்டு நிற்கிற பிள்ளைகளை என்னிடம்தான் கொண்டு வந்து விடுவார்கள். மடியில் வைத்துக்கொண்டு பேசுவேன். 'மஞ்சள் நிறச் சட்டை அணிந்த நான்கு வயது ஆண் குழந்தை எங்களிடம் உள்ளது. குழந்தையின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணைப் பிரிவுக்கு வரவும்.'

கான்வென்ட் படிப்பு, அக்கா. பாளையங்கோட்டையில் படித்தேன். எங்கள் சிஸ்டர் ஃபௌஸ்டினா, வாயில் கூழாங்கல்லைப் போட்டுத்தான் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை, மற்றபடி எல்லாம் செய்தார். தமிழானாலும் இங்கிலீஷானாலும் ஒரு எழுத்தை முழுங்கக்கூடாது. அந்த உச்சரிப்பைப் பார்த்துத்தான் கடையில் எடுத்தார்கள். சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளையின் அம்மா அப்பாவை மூன்று நான்கு தரம் கூப்பிட வேண்டியிருக்கும். ஷைனி பிறந்து, பிரசவ லீவு முடிந்து திரும்பிய பிறகு ஒரு தரம் கூப்பிட்டால் போதும். மாடிப்படியில் தடதடவென்று ஓடி வருவார்கள். பிள்ளையைத் தொலைக்காதவர்களும் ஓடி வருவார்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே 'எங்க பிள்ளையா?' என்று கேட்டவர்கள் உண்டு. "பிள்ளை பெத்துட்டு வந்ததுல இருந்து உங்க குரலுக்கு ஒரு கனம் வந்துட்டும்மா" என்று மேனேஜர் ஆறுமுகநயினார் சாரே சொன்னார். பழக்கம்தான், வேறென்ன. தினமும் பேசினால் யாருக்கும் வரும். மைக்கைப் பிடிக்கிற கை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஐஸ் மாதிரி ஆகிவிடும். அந்த அறையில் ஏசி அதிகம்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து கூட்டம் குறைந்த நேரத்தில், லேப்டாப்போடு ஒருவர் வந்தார். 'பேசிப் பேசித் தொண்டை கெட்டுப்போகுது மேடத்துக்கு, கொஞ்சம் பதிவு பண்ணி வச்சுக்கலாம்' என்றார் ஆறுமுகநயினார் சார். நல்ல மனிதர், தொண்டையைப் பற்றியெல்லாம் யோசிக்கிறாரே என்று இருந்தது எனக்கு. ஒரு வயது, இரண்டு வயது என்று பத்து வயது வரைக்கும் சொன்னேன். ஆண் குழந்தை, பெண் குழந்தை. பிறகு நிறங்கள். அந்த லேப்டாப் ஆள் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏழெட்டு நிறத்தோடு முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. "ஜவுளிக்கடை சார் இது. மாம்பழ நிறம் வேண்டாமா? மயில்கழுத்து வேண்டாமா? ஒரு பிள்ளை மயில்கழுத்து நிறப் பாவாடையில் காணாமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். உட்கார்ந்து எல்லா நிறமும் சொல்லிக்கொடுத்தேன். வெந்தய நிறம் சரியாக வரவில்லை என்று நானே திரும்ப எடுக்கச் சொன்னேன்.

மார்ச்சில் கூப்பிட்டார்கள்.

வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று மாமி ஊரெல்லாம் சொல்கிறார். நீக்கவில்லை, அக்கா. ஆறுமுகநயினார் சார் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. "உங்களப் போகச் சொல்லுவமாம்மா? உங்க குரல் எப்பவும் எங்க கூடவேதான் இருக்கும். நீங்கதான் வரவேண்டாம்" என்றார். எவ்வளவு பக்குவமாகச் சொன்னார் பாருங்கள். நானும் பக்குவமாகத்தான் எழுந்து வந்தேன். வரும்போது மேலே ஸ்பீக்கரில் நான் பேசிக்கொண்டிருந்தேன், ரோஸ் நிற கவுன் அணிந்த பெண் குழந்தை எங்களிடம் உள்ளது என்று. ஒரு நிமிடம் கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு ரோஸ் கவுன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. மடியில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை.

அது போகட்டும்.

என் வீட்டுக்காரர் டெல்வின் கப்பலில் இருக்கிறார். கரைக்கு வந்தால் போன், கடலுக்குப் போனால் இல்லை. ஈஸ்டருக்கு மாமி வந்தார். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், என்னைச் சுற்றிப் பார்த்தார், ஷைனியின் துணிகளை எடுத்து ஒரு பையில் அடுக்கினார்.

"லீவுக்குப் பிள்ள எங்கூட இருக்கட்டும். நீ வேலையத் தேடு. ஜூனுக்குள்ள ஒழுங்கா ஒண்ணு அமைஞ்சா வந்து கூட்டிட்டுப் போ. இல்லாட்டி இங்க கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அவளச் சேத்துருவேன். நீயும் வீட்டக் காலி பண்ணிட்டு வந்துரு. தனியாக் கெடந்து ஒரு பொம்பள என்ன பண்ணுவே?"

டெல்வினிடம் சொன்னேன். "அம்மா சொல்றதும் சரிதானே ஜெனி" என்றார். பிறகு லைன் போய்விட்டது. அவருக்குச் சரியான நேரத்தில் லைன் போகும்.

மாமி வீட்டில் போய் இருந்தால் என்ன என்று நினைப்பீர்கள். இருக்கலாம். மாமி மோசமான ஆள் இல்லை. ஆனால் அங்கே போனால் நான் உட்கார்ந்துவிடுவேன், அக்கா. எனக்கு என்னைத் தெரியும். மீன் கழுவுவேன், மதியம் தூங்குவேன், கப்பல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஷைனிக்கு அம்மா என்றால் ஒரு ஆள் மூலையில் இருப்பாள், அவ்வளவுதான் தெரியும்.

அதனால் தேடினேன். உற்சாகமாகத்தான் தேடினேன். ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பறைக்கு ஆள் கேட்டார்கள். பேசிக் காட்டச் சொன்னார்கள். 'டாக்டர் உங்களை உடனடியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்' என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு வேர்த்துக் கொட்டி, சும்மா சர்க்கரை பார்க்க வந்தவரைக் கட்டிலில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். வேலை தரவில்லை. பொறாமை. கார் கம்பெனியில் போன் செய்து 'உங்கள் வண்டி சர்வீஸுக்குத் தேதி வந்துவிட்டது' என்று சொல்கிற வேலை. அரை நாள் பேசினேன். எல்லோரும் என்ன ஆச்சு, பிரேக்கில் ஏதாவது கோளாறா என்று கேட்கிறார்கள். ஒருவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டாராம். அங்கேயும் முடியாது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், பி.எட். இல்லை என்றார்கள்.

ஏப்ரல் முடிந்தது. வீட்டில் பேச ஆள் இல்லை. நான் ஒருநாள் குக்கரிடம், 'மூன்றாவது விசில் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்' என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.

அப்போதுதான் பேச்சிமுத்து அண்ணன்.

எங்கள் தெருவுக்குத் தினமும் ஒரு லோடு ஆட்டோவில் வெங்காயம் கொண்டுவருவார். கையில் மைக், ஆட்டோ மேலே ஒரு குழாய் ஸ்பீக்கர். அவரே கத்துவார். என்ன கத்துகிறார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். 'வெங்கேம் வெங்கேம் வெங்கேம்' என்று எருமை இருமுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு வாரம் பொறுத்தேன். அன்றைக்கு மாமி போனில் 'பள்ளிக்கூடத்துல கேட்டு வச்சுட்டேன்' என்று சொல்லியிருந்தார். போனை வைத்தேன், இந்தச் சத்தம் வந்தது. இறங்கிப் போய்விட்டேன்.

"அண்ணே, நீங்க என்ன விக்கிறீங்கன்னு யாருக்காவது புரியுதா? இப்படிச் சொன்னா யார் வாங்குவா?"

அவர் தொண்டையைத் தடவிக்கொண்டே மைக்கை நீட்டினார். "அப்போ நீயே சொல்லு தங்கச்சி. எனக்கும் காலைல இருந்து தொண்டை கட்டிக் கெடக்கு."

வாங்கிவிட்டேன். மைக்கைக் கையில் பிடித்ததும் என்னவோ ஆகிவிட்டது, அக்கா. எத்தனை நாள் ஆயிற்று. வாய் தானாகப் பழைய வரிசையில் போகிறது. 'அன்பான இல்லத்தரசிகளின் கனிவான கவனத்திற்கு. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு வந்துள்ளது. நீங்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வாசலுக்கு வரவும்.'

தெரு முழுக்கக் கதவு திறந்தது. ஒன்று பாக்கி இல்லை. மேல்வீட்டு வக்கீல் சட்டை போடாமல் ஓடி வந்தார். எதிர்வீட்டு ஜெபசெல்வி அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு வந்து, "யாருக்கு என்னாச்சு, யாருக்கு என்னாச்சு" என்கிறார். ஒரு அம்மா தன் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். பேச்சிமுத்து அண்ணனும், பாவம், வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஒன்றும் ஆகவில்லை, வெங்காயம் வந்திருக்கிறது" என்றேன்.

எல்லோரும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்கள். சிரித்தார்கள். வந்ததற்கு வாங்கிவிட்டுப் போவோம் என்று ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினார்கள். அன்றைக்கு எங்கள் தெருவிலேயே பாதி வண்டி காலி. உச்சரிப்பு, அக்கா. சுத்தமாகச் சொன்னால் ஜனங்கள் மதிக்கிறார்கள். சிஸ்டர் ஃபௌஸ்டினா அன்றே சொன்னார்.

மறுநாள் பேச்சிமுத்து அண்ணன் கதவைத் தட்டினார். "தங்கச்சி, அதே மாதிரி போன்ல பேசிக் குடு. அதே மாதிரி, என்ன? கொஞ்சங்கூட மாத்தாத. அந்த நடுக்கம் இருக்கு பாரு, அது வேணும்" என்றார். நடுக்கமா? அவர் படிக்காதவர், கம்பீரம் என்று சொல்லத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தேன். அப்படிச் செய்தால் வெளிச்சத்தம் விழாது. என் கல்யாணச் சேலையில் அன்றைக்கு அடித்த சென்ட் வாசம் இன்னும் இருந்தது. ஷைனியின் சின்ன சாக்ஸ் ஒன்று கிடந்தது. எடுத்துப் பிடித்துக்கொண்டேன், கைக்குச் சும்மா ஒரு பிடிமானம். ஒரே தடவையில் சரியாக வந்தது.

பிறகு பாருங்கள். கோலப்பொடிக்காரர் வந்தார். பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். மேலப்பாளையத்திலிருந்து பாய் விற்கிறவர் வந்தார். எல்லோரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு 'அதே மாதிரி' என்கிறார்கள். மெத்தைக் கடைக்காரர் ஒருவர் கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, 'வேண்டாம் மேடம், பழைய மாதிரியே சொல்லிருங்க' என்று திரும்பி வந்துவிட்டார்.

ஒரே ஒரு தரம்தான் தப்பு நடந்தது. இறந்தவர்களுக்கு மைக் கட்டி ஆட்டோ விடுவார்கள் இல்லையா, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே போகும். அதற்குக் கேட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ராஜாமணி என்று பெயர். அழகாகச் சொன்னேன். முடிக்கும்போது வாய்ப்பழக்கம், 'ராஜாமணி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்' என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியவே இல்லை. ஆட்டோ இரண்டு தெரு போய்விட்டது.

மூத்த மகன் சண்டைக்கு வந்துவிட்டார். "எங்கப்பா செத்துட்டாரும்மா, நீ கிண்டல் பண்ணுறியா?" என்கிறார். நான் கதவைப் பாதி சாத்திவிட்டேன். கோபத்தில்தான். பின்னாலேயே அவருடைய தங்கை வந்தார். கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. அண்ணனைத் தள்ளிவிட்டு, "அத எனக்கு அனுப்பி விடுங்க. நானும் காலைல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். அனுப்பினேன். காசு வாங்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

வல்லநாடு வந்துவிட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை. இந்தப் பாலம் வந்தால் நான் முன் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பஸ் குலுக்கல்.

சரி, மாமி கதைக்கு வருகிறேன். பேச்சிமுத்து அண்ணனுடைய மச்சினன் தூத்துக்குடியில் வண்டி ஓட்டுகிறார். என் குரலை அண்ணன் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. அவர் எந்தத் தெருவில் ஓட்டினால் எனக்கென்ன? ஒருநாள் காலையில் மாமி போன்.

"ஏட்டி, உன் சத்தம் இங்க தெருவுல கேக்குது."

வேலை கிடைத்துவிட்டது என்று மாமியிடம் சொல்லியிருந்தேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. 'குரல் சம்பந்தப்பட்ட துறை' என்றுதான் சொல்லியிருந்தேன்.

"கான்வென்ட்ல படிச்சது இதுக்குத்தானா?" என்றார். "நல்லாத்தான் விக்கிற. பக்கத்து வீட்டு ரீட்டா பயந்து போயி பர்ஸ்கூட எடுக்காம ஓடியாறா."

அன்றிலிருந்து தினமும் குத்தல். "வீடு பூரா வெங்காயமாக் கெடக்கு, ஜெனிட்டா. கட்டிலுக்கு அடியில எல்லாம் வெங்காயம். இதுக்கு மேல எங்க வைக்க?" என்பார். நானா வாங்கச் சொன்னேன்? இன்னொரு நாள், "அந்த வண்டி எத்தன மணிக்கு எங்க தெருவுக்கு வரும்னு கேட்டுச் சொல்லு. ஒரு நாள் சீக்கிரம் வருது, ஒரு நாள் பிந்தி வருது" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கதவை ஜன்னலை அடைத்துக்கொள்ளலாம் இல்லையா, மருமகள் சத்தம் மானத்தை வாங்காமல். கேட்டுச் சொன்னேன். போன வாரம் அதைவிடப் பெரிய குத்தல். "அவ்வளவு நேரம் வெங்காயத்தப் பத்திப் பேசுறியே, நடுவுல ஒரு வார்த்த 'பால் குடி'ன்னு சொன்னா என்ன, குறைஞ்சா போவே?" என்றார். பாருங்களேன். வியாபார அறிவிப்பில் யாராவது பால் குடி என்று சொல்வார்களா? படிச்ச பிள்ளையை எப்படியெல்லாம் கிண்டல் செய்கிறார் என்று இரவெல்லாம் தூங்கவில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, நீங்கள் சிரித்தீர்கள்.

என்ன சொல்கிறீர்கள்? வண்டி நிற்பதற்காகவா? யாராவது வாங்கினால்தான் வண்டி நிற்கும், அது சரி. வாங்கவில்லை என்றால் போய்விடும். ஆனால் அதற்காக மாமி... ஷைனி கேட்பதற்காகவா? இல்லை அக்கா. உங்களுக்கு மாமியைத் தெரியாது. மாமி ஒரு கொத்தமல்லிக் கட்டுக்குப் பத்து நிமிடம் பேரம் பேசுகிற ஆள். கட்டிலடி நிறைய வெங்காயம் வாங்குகிறவரா? வேண்டாம், அப்படியெல்லாம் சொல்லாதீர்கள். நான் கோபமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கோபம் இருந்தால்தான் நான் போய்ப் பேச முடியும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள். நேற்று மாமி கோயிலுக்குப் போயிருக்கிறார். ரீட்டா அக்காவிடம் ஷைனியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வண்டி வந்திருக்கிறது. யாரும் வாங்கவில்லை போல, நிற்காமல் போயிருக்கிறது. ஷைனி கேட்டைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடிவிட்டாள். செருப்பு இல்லை. மூன்று தெரு. மெயின் ரோடு. லாரி போகிற ரோடு, அக்கா. உப்பு லாரி.

இருங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அந்த மச்சினன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறது. நிறுத்தியிருக்கிறார். ஷைனி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாளாம், வெங்காயச் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாளாம். 'யார் பிள்ளம்மா நீ?' என்றால் மேலே குழாயைக் காட்டுகிறாளாம். அவர் என்ன செய்வார்? முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, வந்த வழியே ஸ்பீக்கரைப் போட்டபடி மெதுவாகத் திரும்ப ஓட்டியிருக்கிறார். ரீட்டா அக்கா ஒரு தெருவில், கோயிலிலிருந்து திரும்பிய மாமி ஒரு தெருவில் தலைவிரிகோலமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் சத்தம் கேட்டு மாமி அந்தப் பக்கம் ஓடி வந்திருக்கிறார். வழியில் விழுந்து அவருக்கு முட்டியில் அடி. மாமி எங்கே ஓடினார், எப்படி ஓடினார் என்று எனக்குப் புரியவில்லை, அவருக்குப் படி ஏறவே முடியாது.

இரவு போன் வந்தது. அது மாமி குரல் மாதிரியே இல்லை. 'நாளைக்கு வா. வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போ' என்று சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. மாமி திட்டாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

அதுதான் எனக்கு... பயம் என்று சொல்லமாட்டேன். கூட்டிட்டுப் போ என்று சொன்னால் நிஜமாகத்தான் சொல்கிறாரா? இல்லை, வந்ததும் நாலு பேரை வைத்துக்கொண்டு 'இவள் வேலையப் பாருங்க, இதாலதான் பிள்ள ரோட்டுக்கு ஓடிச்சு' என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற சீட்டை நீட்டுவாரா? சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். என்னிடம் இப்போது பதினோரு வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள், மாமி. சர்ச் திருவிழாவுக்கு மைக்கில் பேசக் கேட்டிருக்கிறார்கள், மாமி. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வீட்டிலேயே இருந்து செய்கிற வேலை, ஷைனி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வாசலில் நிற்பேன், கடையில் இருந்தபோது அது முடிந்ததா? இப்படியெல்லாம் சொல்ல வைத்திருக்கிறேன். சுத்தமாக, ஒரு எழுத்தை முழுங்காமல். ஆனால் 'ரோட்டுக்கு ஓடிச்சு' என்று சொல்லிவிட்டால் இதில் ஒன்றும் என் வாயில் வராது.

தூத்துக்குடிக்கு முன்னால் வருகிற புதுக்கோட்டை, அதைத் தாண்டிவிட்டோமா?

போன் அடிக்கிறது. மாமி. ஒரு நிமிடம், அக்கா.

"சொல்லுங்க மாமி. வந்துக்கிட்டே இருக்கேன். புதுக்கோட்டை தாண்டியாச்சு. குடுங்க. குடுங்க அவகிட்ட."

ஷைனியிடம் கொடுக்கிறார்.

"ஷைனி. அம்மா பேசுறேன். ஷைனிமா? சாப்டியா? கால் வலிக்குதா?"

பேசமாட்டேன் என்கிறாள். மூச்சு கேட்கிறது. இந்த ஒரு மாதமாக இப்படித்தான். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பதிலே சொல்வதில்லை. பேசும் பிள்ளைதான், கிளி மாதிரிப் பேசும். குழாய்க்குப் பதில் சொல்லி என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

"ஷைனி, அம்மாதான். நிஜ அம்மா. ஏதாவது கேளேன். நீ கேளு, நான் சொல்றேன்."

ஏதோ சொல்கிறாள். பொறுங்கள்.

"என்னம்மா? வெங்காயம் சொல்லணுமா? பஸ்ல இருக்கேன், ஷைனி. எல்லாரும் இருக்காங்க."

சொல்லச் சொல்கிறாள், அக்கா. இந்த பஸ்ஸில். பின்னால் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் டிரைவர் பிரேக் போட்டுவிடுவார்.

"சொல்றேன். கேளு. அன்பான இல்லத்தரசிகளின்... வெங்காயம் வந்திருக்கு, ஷைனி. உருளைக்கிழங்கு வந்திருக்கு, பூண்டு வந்திருக்கு. நீ எங்கயும் ஓட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இரு. அம்மா வாசலுக்கு வாரேன்."

பார்த்தீர்களா, ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டு இருக்கிறார். முன்னால் அந்தப் பெரியவர் தூங்குகிறார். இந்தக் குரலில் சொன்னால் ஒரு கிலோகூடப் போகாது, அக்கா. என்ன ஆயிற்று எனக்கு?

"ம், சொல்லு ஷைனி. ஆமா, பஸ்ல. ஆட்டோ இல்ல, பஸ். ஆமா, பெரிய பஸ். நிக்கும். கண்டிப்பா நிக்கும். நின்னதும் அம்மா இறங்கிருவேன். பாட்டிகிட்ட குடு. மாமி, அவளை உள்ள... என்ன மாமி? பாலா? குடிச்சுட்டாளா?"

வைத்துவிட்டார்.

பால் குடித்துவிட்டாளாம். மாமி அழுகிறார், அக்கா. இல்லை, சளி பிடித்திருக்கும்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்கிறீர்களா? தெரியும், மூணாவது மைலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பரவாயில்லை, நான் இப்போதே போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொள்கிறேன்.